கியர் மாறாத கியர்பாக்ஸ்

(மோட்டார் மெக்கானிக்குகள், டிரைவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாருதி கிராண்ட் விட்டாரா வாங்கப் போகிறவருக்கு ஷோரூமில் இரண்டு வண்டி காட்டுவார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஹைபிரிட் என்றுதான் சொல்லி விற்பார்கள். ஒன்றில் நமக்குப் பழகிய ஐந்து கியர் மேனுவல் பெட்டியோ ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கோ இருக்கும். எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கோத்த சின்ன மோட்டார் ஒன்று, கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிக்கொடுக்கும். இது மைல்ட் ஹைபிரிட். இதன் கியர்பாக்ஸை எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று ஸ்ட்ராங் ஹைபிரிட். டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட், கேம்ரி, எல்லாவற்றுக்கும் மூத்த பிரியஸ், எல்லாம் இந்தக் குடும்பம். இதன் பெட்டியில் முதல் கியர், இரண்டாம் கியர் என்று எதுவும் கிடையாது. கிளட்ச் கிடையாது. ரிவர்ஸ் கியர் கிடையாது. பெட்டியின் பக்கத்தில் செல்ஃப் மோட்டாரைத் தேடினால் அதுவும் இல்லை. எஞ்சினில் டைனமோவும் இல்லை. ஓட்டுபவர் கையில் மட்டும் வழக்கம்போல பி, ஆர், என், டி என்று ஒரு கம்பி.

இந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு வதந்தி உலவுகிறது. "உள்ளே எல்லாம் எலெக்ட்ரானிக், தொடவே வேண்டாம், ஆயுசுக்கும் ஓடும்" என்பது ஒன்று. "கெட்டால் லட்சக்கணக்கில் செலவு, யாராலும் சரிசெய்ய முடியாது" என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. இத்தனை வருஷம் இந்த வண்டிகளோடு பழகியதில் நான் கண்டது இதுதான்: இந்தப் பெட்டியில் பல்சக்கரம் தேய்ந்து செத்தது குறைவு, சூட்டால் செத்தது அதிகம். எங்கே சூடு பிறக்கிறது, அது எந்த வழியாக வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்டால் பராமரிப்பு தானாகவே புரிந்துவிடும். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். பெட்ரோல் எஞ்சினையும் மின் மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டுவது புது யோசனை அல்ல. 1900-ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, எஞ்சினால் மின்சாரம் எடுத்து அந்த மின்சாரத்தால் சக்கரத்தைச் சுற்றும் வண்டியைச் செய்துவிட்டார். ஆனால் எஞ்சினின் சக்தி முழுவதையும் மின்சாரமாக்கி மறுபடி சுழற்சியாக்கினால் இரண்டு முறை நஷ்டம். எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்கும் மறு பங்கு மின்வழியாகவும் போகும்படி பிரித்தால் என்ன என்று அமெரிக்காவில் டி.ஆர்.டபிள்யூ நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் யோசித்தார்கள். பெர்மன், கெல்ப், ரிச்சர்ட்சன் என்ற அந்த மூவருக்கும் 1971-இல் காப்புரிமை கிடைத்தது. யோசனை சரி. ஆனால் அந்தக் கணக்கை நொடிக்கு நொடி போட்டு மோட்டாரை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரும் டிரான்சிஸ்டரும் அன்று இல்லை.

அவை வந்தபின் அதைக் கையில் எடுத்தது டொயோட்டா. 1993-இல் ஜி21 என்ற பெயரில் திட்டம் தொடங்கியது. தலைமைப் பொறியாளர் தாகேஷி உச்சியமாதா. எண்பது வகை ஹைபிரிட் அமைப்புகளைக் காகிதத்தில் அலசிப் பார்த்துக் கழித்துக் கட்டினார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதலில் செய்த சோதனை வண்டி 49 நாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அசைந்த அன்றும் ஓடியது 500 மீட்டர்தான். அங்கிருந்து 1997 டிசம்பரில் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் ஹைகிராஸுக்குள் இருப்பதும் அடிப்படையில் அதே ஏற்பாடுதான்.

இப்போது மேசைக்கு வருவோம். இங்கே நான் வைத்திருப்பது பழைய பிரியஸ் பெட்டி ஒன்றைப் பிரித்தபோது எடுத்து வைத்த கோள் பல்சக்கரத் தொகுதி. உள்ளங்கை அகலம்தான். நடுவில் இருப்பது சூரியச் சக்கரம், 30 பல். வெளியே வளையச் சக்கரம், உள்பக்கமாகப் பல் வெட்டியது, 78 பல். இரண்டுக்கும் இடையில் சின்னச் சின்னக் கோள் சக்கரங்கள். அவற்றை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் தட்டு ஒன்று, தாங்கி. பெட்டியின் மூளையெல்லாம் வெளியே கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரும்பில் இருப்பது இவ்வளவுதான்.

யாரை எதில் பூட்டியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் வந்து சேர்வது தாங்கியில். சூரியச் சக்கரத்தில் ஒரு மின் இயந்திரம், அதற்கு எம்ஜி1 என்று பெயர். வளையச் சக்கரம் சாலைச் சக்கரங்களோடு எப்போதும் பிணைந்தது. அதே பக்கத்தில் இன்னொரு பெரிய மின் இயந்திரம், எம்ஜி2. இரண்டு மின் இயந்திரங்களும் மோட்டாராகவும் ஓடும், ஜெனரேட்டராகவும் ஓடும். இந்தப் பல்கள் ஒருபோதும் பிரிவதில்லை. கார் தொழிற்சாலையில் பூட்டிய நாள் முதல் உடைக்கிற நாள் வரை கோத்தது கோத்தபடியே இருக்கும்.

இதோ, வளையத்தை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தாங்கியை ஒரு சுற்று சுற்றுகிறேன். சூரியச் சக்கரத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்திருக்கிறேன், பாருங்கள். மூன்று சுற்று முடிந்து, நான்காவது சுற்றில் பாதியைத் தாண்டி நிற்கிறது. கணக்குப்படி 3.6 சுற்று. வண்டி நிற்கிறது, எஞ்சின் 1000 சுற்றில் ஓடுகிறது என்றால் எம்ஜி1 நிமிடத்துக்கு 3600 சுற்று சுழல்கிறது என்று பொருள். அதனால்தான் கிளட்ச் தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் சுழற்சி எங்கே போவது என்று கேட்டால், சூரியச் சக்கரத்துக்குப் போகிறது. அது சும்மா சுழலலாம், அல்லது பேட்டரியை நிரப்பலாம்.

வண்டி நகரத் தொடங்கினால் என்ன ஆகும்? எஞ்சினை 2000 சுற்றிலேயே நிறுத்திவைப்போம். இரண்டாம் தலைமுறை பிரியஸில் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் வளையம் 1000 சுற்று சுழலும். அப்போது எம்ஜி1 4600 சுற்று. வேகம் 56 ஆனால் வளையம் 2000. எம்ஜி1 2000-த்துக்கு இறங்கிவிடும். 78 கிலோமீட்டர் வாக்கில் எம்ஜி1 நின்றே போகும். அதையும் தாண்டினால் எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கும். இத்தனையிலும் எஞ்சின் அதே 2000 சுற்று. சாதாரண வண்டியில் நாலு முறை கியர் மாற்றியிருப்பீர்கள். இங்கே ஒரு பல்கூட இடம் மாறவில்லை. ஒரு மோட்டாரின் வேகம் மட்டும் மாறியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் இரைகிறது, வண்டி அப்புறம் வேகம் பிடிக்கிறது, ஏதோ வழுக்குகிறது என்று ஹைகிராஸ்காரர்கள் சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். வழுக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வண்டியின் வேகத்தோடு கட்டுண்டு கிடக்காமல் எஞ்சின் தனக்கு வசதியான சுற்றில் ஓடுகிறது.

வேகம் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும் முறுக்குவிசையின் பங்கு மட்டும் மாறுவதே இல்லை. எஞ்சின் தரும் முறுக்குவிசையில் நூற்றுக்கு 72 பங்கு வளையத்துக்கு, 28 பங்கு சூரியச் சக்கரத்துக்கு. பல் எண்ணிக்கையே இதை முடிவு செய்துவிடுகிறது. விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் வாரப் பங்கு மாறாத நிலம் போல. 72 பங்கு இரும்பு வழியாக நேரே சாலைக்குப் போகிறது. 28 பங்கை எம்ஜி1 மின்சாரமாக்குகிறது, அந்த மின்சாரம் எம்ஜி2-வுக்குப் போய் அங்கே மறுபடி விசையாகிறது. 28 பங்கின் எதிர்ப்பை எம்ஜி1 தராவிட்டால் 72 பங்கும் சாலைக்குப் போகாது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் எஞ்சின் தனியே இரையும். இந்தப் பெட்டியில் நியூட்ரல் என்பது அவ்வளவுதான். மின் இயந்திரங்களுக்குக் கரண்டை நிறுத்திவிட்டால் அது நியூட்ரல்.

எஞ்சினைக் கிளப்புவதும் எம்ஜி1-இன் வேலைதான். அது சூரியச் சக்கரத்தைச் சுற்ற, தாங்கி வழியாக எஞ்சின் 1000 சுற்றை எட்டிவிடுகிறது, அப்புறம்தான் பெட்ரோல் போகிறது. செல்ஃப் அடிக்கும் அந்தக் கரகர சத்தம் இல்லாததற்குக் காரணம் இது. ரிவர்ஸ் என்பது எம்ஜி2 பின்பக்கம் சுழல்வது. இதில் ஒரு நுணுக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் 72 பங்கு வளையத்தை முன்பக்கமாகத்தான் தள்ளும். அதனால் ரிவர்ஸில் எஞ்சின் உதவிக்கு வருவதற்குப் பதில் எதிரியாக நிற்கும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து செங்குத்தான சரிவில் பின்பக்கமாக ஏறும்போது, பேட்டரியும் குறைவாக இருந்தால், வண்டி திணறுவது இதனால்தான்.

இனி சூட்டுக்கு வருகிறேன். பேட்டரியில் இருப்பது ஒரே திசை மின்சாரம், இரண்டாம் தலைமுறை பிரியஸில் 201.6 வோல்ட். மோட்டாருக்கு வேண்டியது மும்முனை மாறுதிசை மின்சாரம், அதுவும் 500 வோல்ட் வரை. மூன்றாம் தலைமுறையில் அது 650 வோல்ட் ஆனது. இந்த மாற்றத்தைச் செய்வது இன்வெர்ட்டர். பல்சக்கரப் பெட்டியின் மேல் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளி நிறப் பெட்டி. நாம் டிரான்ஸ்மிஷன் என்று சொல்லும்போது கீழே உள்ள இரும்பை மட்டும் நினைக்கிறோம். அந்த 28 பங்கு இல்லாமல் 72 பங்கு நகராது என்றேன் அல்லவா? அந்த 28 பங்கு முழுவதும் இந்த இன்வெர்ட்டர் வழியாகத்தான் போய்வருகிறது. ஆகவே இன்வெர்ட்டரும் டிரான்ஸ்மிஷன்தான். அதன் டிரான்சிஸ்டர்கள் சூடாகின்றன. கீழே மோட்டார்களின் செம்புக் கம்பிச் சுற்றுகளும் சூடாகின்றன. மேலே உள்ள சூட்டைக் கூலன்ட் எடுத்துப் போகிறது. கீழே உள்ள சூட்டை ஆயில் எடுத்துப் போகிறது.

பெரிய அளவில் வந்த குறைகளைப் பாருங்கள். 2012 நவம்பரில் டொயோட்டா உலகெங்கும் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணங்களில் ஒன்று, இன்வெர்ட்டருக்குக் கூலன்ட்டை ஓட்டும் மின்சாரப் பம்பு. 2014 பிப்ரவரியில் மூன்றாம் தலைமுறை பிரியஸ் 19 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்வெர்ட்டரை ஆட்டிவைக்கும் மென்பொருளின் அமைப்பால் சில டிரான்சிஸ்டர்கள் அளவுமீறிச் சூடாகிச் சேதமாகக்கூடும் என்பதுதான் காரணம். இரண்டு அழைப்பும் பல்சக்கரத்துக்காக அல்ல.

ஆகவே முதலில் கூலன்ட். இன்வெர்ட்டருக்கு எஞ்சினிலிருந்து பிரிந்த தனிச் சுற்று உண்டு, தனி டப்பா உண்டு, தனிப் பம்பு உண்டு. எத்தனையோ ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் டப்பாவைப் பார்த்து "கூலன்ட் ஓகே" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், இந்த இரண்டாவது டப்பாவை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பழைய பிரியஸில் ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. பட்டனை அழுத்தி ரெடி விளக்கு எரியவிட்டு, போனட்டைத் திறந்து இன்வெர்ட்டர் டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது செய்யுங்கள். உள்ளே இளஞ்சிவப்புக் கூலன்ட் சுழித்துக்கொண்டு ஓட வேண்டும். குட்டைபோல அசையாமல் நின்றால் பம்பு செத்துவிட்டது. இந்த நிலையில் நகருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வெயிலில் நெடுஞ்சாலையில் ஏறியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி சக்தி இழக்கும். பம்பின் விலை கொஞ்சம்தான். இன்வெர்ட்டரின் விலை அப்படி அல்ல.

குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி, அலுமினியத்தின் உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டிய குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் கூலன்ட் ஏற்கெனவே நீர் கலந்துதான் வருகிறது, அப்படியே ஊற்ற வேண்டியதுதான். மாற்றியபின் சுற்றில் காற்று தங்கவிடாமல் வெளியேற்ற வேண்டும். காற்றுக் குமிழி நின்றால் பம்பு ஓடியும் பயனில்லை.

அடுத்தது ஆயில். இதில்தான் எனக்கு நிறுவனங்களோடு கொஞ்சம் சண்டை. அட்டவணையைப் பார்த்தால் இந்தப் பெட்டியின் ஆயிலைச் "சோதிக்கவும்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும், "மாற்றவும்" என்று இருக்காது. உள்ளே கிளட்ச் தட்டுகள் இல்லை, உராய்ந்து கருகும் பொருள் இல்லை, ஆகவே ஆயில் நீண்ட நாள் தாங்கும் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்த ஆயில் பல்லுக்கு வழவழப்பு தருவதோடு நிற்கவில்லை. மோட்டாரின் செம்புச் சுற்றுகளின் மேல் நேராகத் தெறித்து அவற்றைக் குளிர்விக்கிறது. அதாவது நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்காப்பு அதன் வேலைகளில் ஒன்று. அதில் இரும்புத் தூளும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் காப்பு குறையும். ஒருநாள் மழைக்காலத்தில் "மின்காப்புக் குறைபாடு" என்று ஸ்கேனர் காட்டும்போது, முழுப் பெட்டியையும் மாற்று என்றுதான் சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள், ஏனென்றால் மோட்டார் கம்பிச் சுற்றைச் சாதாரண ஒர்க்‌ஷாப்பில் மறுபடி சுற்ற முடியாது.

என் வழக்கம், முதல் முறை 50,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றுவது. புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூள் அப்போது வந்துவிடும். அதன்பின் 80,000-லிருந்து 1,00,000-க்குள் ஒரு முறை. முதல் முறை வடிக்கும்போது செர்ரிச் சிவப்பில் போன ஆயில் பழுப்போ கறுப்போ ஆகி வரும். அதைக் கண்டு பதற வேண்டாம். விரலில் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மாற்றுவது எளிது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், நான்கு சக்கரமும் ஒரே மட்டம். முதலில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றுங்கள், அப்புறம் வடிக்கும் போல்ட். மாற்றிச் செய்து, ஆயிலையெல்லாம் வடித்தபின் நிரப்பும் போல்ட் இறுகிக் கழலவே இல்லை என்றால் வண்டி லிஃப்ட்டிலேயே நிற்கும். வடிந்து சொட்டு நின்றதும் புது வாஷர் போட்டு மூடுங்கள். பிரியஸில் இந்த போல்ட்டுக்கு 39 நியூட்டன் மீட்டர்தான். அலுமினியக் கூடு, பலம் காட்டினால் மரை போய்விடும். பிறகு நிரப்பும் துளை வழியாக ஊற்றி, துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கினால் நிறுத்துங்கள். இரண்டாம் தலைமுறையில் 3.8 லிட்டர், மூன்றாம் தலைமுறையில் 3.4 லிட்டர் பிடிக்கும். டிப்ஸ்டிக் தேட வேண்டாம், கிடையாது. கியர் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டி மட்டம் பார்க்கும் சடங்கும் கிடையாது, போடுவதற்குத்தான் கியர் இல்லையே.

எந்த ஆயில்? பிரியஸின் இரண்டாம் மூன்றாம் தலைமுறைக்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ். உங்கள் வண்டிக்கு எது என்று ஓனர் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது, அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்காதீர்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விற்பனைக் காகிதத்தில் இந்தப் பெட்டிக்கு இ-சிவிடி என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு சிவிடி ஆயில் ஊற்றுகிறார்கள். பெல்ட் ஓடும் சாதாரண சிவிடியில் இரும்புப் பெல்ட் வழுக்காமல் கவ்வ அந்த ஆயில் ஒரு குறிப்பிட்ட உராய்வைத் தர வேண்டும். இங்கே பெல்ட்டும் இல்லை, கவ்வும் வேலையும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவரின் பில்லில் சிவிடி ஆயில், சிவிடி ஃபில்டர், மெஷின் ஃபிளஷிங் என்று மூன்று வரி இருந்தது. அவர் வண்டியில் அந்த மூன்றில் எதற்கும் இடமே இல்லை.

ஓட்டுபவர் கையிலும் சூடு இருக்கிறது. மேம்பாலத்தில் டிராஃபிக் நின்றால் நம் ஊரில் பலர் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிற்பார்கள். அதே கை, இல்லை, அதே கால் பழக்கத்தில் ஹைபிரிட்டையும் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே சரிவில் நிறுத்திவைக்கிறார்கள். மோட்டார் சுழலும்போது மூன்று முனைகளிலும் மாறி மாறி ஓடும் கரண்ட், சுழலாமல் விசை மட்டும் தரும்போது ஒரே முனையில் குவிந்து நிற்கும். இன்வெர்ட்டரின் அந்த ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி கொதிக்கும். கம்பெனிக்காரர்களே புத்தகத்தில் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பிரேக்கை மிதியுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

சிக்னலில் நியூட்ரல் போடுவதும் அப்படித்தான். நியூட்ரலில் எம்ஜி1-க்குக் கரண்ட் இல்லை, ஆகவே எஞ்சின் ஓடினாலும் பேட்டரி நிரம்பாது. ஏசி மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட நெரிசலில் நியூட்ரலிலேயே நின்றால் பேட்டரி வறண்டு வண்டி நகராமல் போகலாம். டி-யிலோ பார்க்கிங் (P) நிலையிலோ நில்லுங்கள்.

மலைச் சாலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கினால் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எம்ஜி2 ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து பேட்டரியை நிரப்பும். மேலிருந்து சில வளைவு வருவதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். அப்புறம் அந்த மின்சாரம் எங்கே போகும்? கம்ப்யூட்டர் அதை எம்ஜி1-க்கு அனுப்பி, பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றவைக்கும். எஞ்சின் வெறும் காற்றை அழுத்தி அழுத்திச் சக்தியைக் கரைக்கும். காலை எடுத்துவிட்டோம், எஞ்சினோ ஊளையிடுகிறது. புதிதாக ஓட்டுபவர் பயந்து வண்டியை ஓரங்கட்டிவிடுவார். அது கோளாறு இல்லை, வண்டி தன் கடமையைச் செய்கிறது. கம்பியில் B என்ற பிரேக் நிலை (பார்க்கிங்கின் P அல்ல) இருந்தால் நீண்ட இறக்கத்தில் அதைப் போடுங்கள். இதே வேலையை இன்னும் முன்கூட்டி, இன்னும் பலமாகச் செய்யும், பிரேக் பேடுகள் சூடேறாது. சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டாதீர்கள், பேட்டரிக்குப் போக வேண்டிய சக்தி வீணாகும்.

வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. முன்சக்கரம் தரையில் உருண்டால் வளையம் சுழலும், எம்ஜி2 சுழலும். அதன் உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் பிறக்கும். எஞ்சின் நின்றிருப்பதால் ஆயில் பம்பும் ஓடாது. முன்சக்கரங்களைத் தூக்கி வைத்தோ, முழு வண்டியையும் பலகை லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். மெக்கானிக் ஒருவர் "ரெண்டு கிலோமீட்டர்தானே, மெதுவாப் போலாம்" என்பார். வேண்டாம்.

பேட்டரியின் காற்று வழி டிரான்ஸ்மிஷனைச் சேர்ந்ததா என்று கேட்கலாம். பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் மோட்டாரின் சக்தியைக் குறைக்கும், எஞ்சினைக் கூடுதலாக ஓட்டும். ஓட்டுபவர் கியர்பாக்ஸில் ஏதோ இழுவை குறைந்துவிட்டது என்று வருவார். பல வண்டிகளில் பின் இருக்கையின் ஓரத்தில் சின்ன ஜன்னல் போல ஒரு காற்றுத் துளை இருக்கும். அதன் மேல் பை, துண்டு, குழந்தையின் போர்வை எல்லாம் கிடக்கும். உள்ளே உள்ள வலையில் நூலும் தூசியும் நாய் முடியும் அடைத்திருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை கழற்றி ஊதிவிட்டால் போதும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் தலைமுறை பிரியஸும் அதே எஞ்சின் உள்ள வண்டிகளும் ஓடி வயதானபின், காலையில் முதல் தடவை எஞ்சின் கிளம்பும்போது சில நொடி கடகடவென்று உலுக்கும். பெட்டி உடைந்துவிட்டது என்று பெட்டியை இறக்குகிறார்கள். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த டாம்பர் ஒன்று இருக்கிறது, சத்தம் போடுவது அது. அதை உலுக்குவது பெரும்பாலும் எஞ்சின்தான்: புகை திரும்பும் இஜிஆர் வழி கரி அடைத்து, ஹெட் கேஸ்கெட் கசிந்து, ஒரு சிலிண்டரில் கூலன்ட் இறங்கியிருக்கும். முதலில் எஞ்சின் கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள்.

ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடக் கூடாது. 2022-இல் இங்கே வந்த அந்த வண்டியில் கோள் சக்கரம் இல்லை. எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், சக்கரத்தைப் பெரும்பாலும் மோட்டாரே ஓட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சின் நேரே சக்கரத்தோடு சேரும், ஒரே ஒரு விகிதத்தில். அங்கே ஆயிலுக்குக் கிளட்ச்சின் உராய்வு என்ற வேலை கூடுதலாக உண்டு, ஆகவே ஹோண்டா சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம். ஹூண்டாய் வெளிநாடுகளில் விற்கும் ஹைபிரிட்களில் பழைய பாணிக் கியர்பாக்ஸின் முன்னால் மோட்டார் உட்கார்ந்திருக்கும். அவற்றில் கியர் மாறும், கிளட்ச் தேயும், அது வேறு கதை.

மாணவர்களுக்கு ஒன்று. ஆரஞ்சு நிற வயர் என்றால் கை வைக்காதீர்கள். கூலன்ட், ஆயில் வேலைகளுக்கு அவற்றைத் தொடத் தேவையே இல்லை. இன்வெர்ட்டரையோ பேட்டரியையோ திறக்க வேண்டிய வேலை என்றால் சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கை உருவி அதை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர்கள் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். பிறகும் மீட்டர் வைத்து வோல்ட் பூஜ்யம் என்று பார்த்தபின்தான், மின்காப்புக் கையுறையோடு வேலை.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி, "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்பது. கேட்க வேண்டியதுதான். கூடவே மூன்று காரியம் செய்யுங்கள். இன்வெர்ட்டர் கூலன்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லைக் கேளுங்கள். பெட்டி ஆயிலை என்ன ஆயிலால் மாற்றினார்கள் என்று கேளுங்கள். மாற்றவே இல்லை என்றால்கூடப் பரவாயில்லை, தப்பான ஆயிலைவிட அது மேல். வண்டியை இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் நீங்களே பட்டனை அழுத்திக் கேளுங்கள், விற்பவர் முன்னதாக ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் டாம்பர் சத்தம் கேட்காது. 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால் ரெடி விளக்கே எரியாது, அதைக் காட்டி "ஹைபிரிட் சிஸ்டம் போச்சு" என்று விலையைக் குறைத்துத் தருகிற வண்டிகளும் சந்தையில் உண்டு. அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் சின்ன பேட்டரிக்கு ஜம்பர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.